மாட்டுங்கா என்னும் சொல்லும் கணினியின் எழுத்துச் சரமும்

மும்பை மாநகரின் மத்திய ரயில்வேப் பாதையில் தாதருக்கும் சயானுக்கும் இடையே அமைந்திருப்பது மாட்டுங்கா நிலையம். மேற்கு ரயில்வேப் பாதையில் தாதருக்கும் மாஹிமுக்கும் இடையே மாட்டுங்கா ரோடு என்னும் வேறொரு நிலையமும் உண்டு. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932ஆம் ஆண்டில் தோன்றியது இவ்வட்டாரத்தில்தான். 1887இல் தொடங்கப்பெற்ற விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923இல் இவ்விடத்திற்குப் பெயர்ந்து, 1997 முதல் வீரமாதா ஜீஜாபாய் பெயரால் வழங்கி வருகிறது. தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இப்பகுதியில் ஒரே ஊர்ப்பெயரும் ஒரே ஆட்பெயரும் மராத்தியில் ஒரு பதிவேட்டிலும், ஆங்கிலத்தில் மற்றொன்றிலும், தமிழில் பிறிதொன்றிலும் எழுதப்படுவது இயல்பு. இவை யாவும் ஒரே பெயர்தாம் என மனிதன் பார்த்த அளவில் உணர்ந்துகொள்கிறான். கணினிக்கு அதை ஒவ்வொரு படியாகக் கற்பிக்க வேண்டும். அங்ஙனம் கற்பிப்பதற்குரிய கருவிகளே சரங்களை மாற்றும் துணைச் செயல்முறைகளாம்.

சரம் என்பது யாது?

பூக்களைத் தொடுத்தது பூச்சரம். எழுத்துகளைத் தொடுத்தது எழுத்துச் சரம். கணினி மொழிகளில் ஒரு பெயரோ, முகவரியோ, முழுக் கட்டுரையோ எதுவாயினும் அது சரமே. ஆயினும் கணினி எழுத்தின் வடிவத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆதலின், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு என்னும் பொது ஏற்பாடு உருவாயிற்று. அதன் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல வெற்றிடங்கள்.

ஏறக்குறைய எல்லாக் கணினி மொழிகளும் சரங்களைக் கையாளச் சில ஆயத்தச் செயல்முறைகளை உடன் வழங்குகின்றன. இரு சரங்களை இணைத்தல், ஒரு பகுதியை வெட்டியெடுத்தல், ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்தல், ஓரங்களிலுள்ள வெற்றிடங்களைக் களைதல், குறிப்பிட்ட இடங்களில் பிரித்தல், நீளத்தை எண்ணுதல் ஆகியன அவற்றுள் தலையாயவை. பைத்தான், ஜாவா போன்ற மொழிகளில் சரம் ஒருமுறை உருவானபின் மாறுவதில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளவேண்டும். செயல்முறை பழைய சரத்தைத் திருத்துவதில்லை. திருத்திய புதிய சரமொன்றை அளிக்கிறது. அப்புதிய சரத்தை ஒரு பெயரிட்டு வாங்கி வைக்கத் தவறினால் செய்த வேலை வீணாகும். புதிதாகக் கற்போர் அடிக்கடி செய்யும் பிழை இது.

நீளம் எத்தனை?

மாட்டுங்கா என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? மா, ட், டு, ங், கா என ஐந்து என்று பள்ளிச் சிறுவனும் சொல்வான். இலக்கண முறைப்படி உயிரையும் மெய்யையும் பிரித்தால் ம், ஆ, ட், ட், உ, ங், க், ஆ என எட்டு ஒலிகள். யூனிகோடு முறையிலோ அகரமேறிய மெய்யே அடிப்படை. காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். எனவே இச்சொல் 2990, 3006, 2975, 3021, 2975, 3009, 2969, 3021, 2965, 3006 எனப் பத்து எண்களாகச் சேமிக்கப்படுகிறது. இவற்றை யூடிஎஃப்-8 முறையில் வட்டில் எழுதினால் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக முப்பது பைட்டுகள் ஆகின்றன.

பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் நீளம் கேட்டால் பத்து என்ற விடை வரும். ஸ்விஃப்ட் மொழி ஐந்து என்னும். இரண்டும் பிழையல்ல, எண்ணப்பட்ட பொருள் வேறு. பெயரை எழுதப் பன்னிரண்டு இடம் உண்டு என்று ஒரு படிவத்தை வகுப்பவர், எதை இடமெனக் கொள்கிறார் என்பதை முன்னரே தீர்மானிக்காவிடில், தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுண்ணும். வெட்டு மெய்க்கும் புள்ளிக்கும் இடையே விழுமாயின் புள்ளி மறைந்து, மெய்யெழுத்து அகரமேறிப் பெயரே வேறாகிவிடும்.

சரத்தைத் திருப்பி எழுதும் செயல்முறையும் இதே படிப்பினையைத் தருகிறது. எழுத்தெழுத்தாகத் திருப்பினால் காங்டுட்மா என்று கிடைக்க வேண்டும். எண்ணெண்ணாகத் திருப்பும் செயல்முறையோ, தொடக்கத்தில் ஒட்ட இடமின்றி நிற்கும் ஒரு காலையும், அதன்பின் க், ஙு, ட், டா, ம என்னும் எழுத்துகளையும் அளிக்கிறது. மூலச் சொல்லில் ஙுகரமே இல்லை. ஙகரத்திற்கு முன்னிருந்த உகரக் குறி, திருப்பும்போது அதன் பின்னே வந்து ஒட்டிக்கொண்டது. எனவே தமிழ்ச் சரத்தை எழுத்துகளாகப் பிரித்த பின்னரே திருப்புதல், வெட்டுதல் முதலியவற்றைச் செய்தல் வேண்டும். பைத்தானுக்கென அமைந்த ஓப்பன்-தமிழ் என்னும் நிரல் தொகுப்பில் இதற்கான செயல்முறை உள்ளது.

ஒன்றுபோல் தோன்றி வேறாவன

மாட்டுங்காவிற்கு அண்மையிலுள்ள கோலிவாடா என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தான கோவை ககரத்துடன் 3019 என்னும் ஒரே குறி சேர்த்தும் எழுதலாம். 3015, 3006 எனக் கொம்பும் காலுமாக இரு குறிகள் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் சமமா என்று கணினியைக் கேட்டால் அல்ல என்றே விடை வரும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் இரு சரங்களையும் ஒரே வடிவிற்குக் கொணரும் ஒழுங்குபடுத்தும் செயல்முறையைப் பயன்படுத்த வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத குறிகளாலும் இத்தகைய இடர் நேர்வதுண்டு. தட்டச்சின்போது சொல்லிறுதியில் 8204 என்னும் அகலமற்ற பிரிப்புக்குறி புகுந்துவிடக்கூடும். ஓரத்து வெற்றிடத்தைக் களையும் பைத்தானின் சாதாரணச் செயல்முறை இதனை நீக்குவதில்லை. தனியே குறிப்பிட்டு நீக்க வேண்டும்.

தொடக்கத்தைக் கொண்டு தேடுவதும் எச்சரிக்கையுடன் செய்யத்தக்கது. மாட்டுங்கா எனத் தொடங்கும் நிலையங்களைக் கேட்டால் இரு வெவ்வேறு பாதைகளிலுள்ள இரு நிலையங்களும் வந்து நிற்கும். முழுச் சரமும் ஒத்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. தொடக்கம் ஒத்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

எழுத்து மாற்றம்: ஒரு பயிற்சி

மராத்தி எழுத்தில் உள்ள இப்பெயரைத் தமிழ் எழுத்திற்கு மாற்றும் செயல்முறையை இனிக் காண்போம். மராத்தியில் இது ஏழு குறிகளால் ஆனது: மகரம், ஆகாரக் கால், வல்லோசை டகரம், உகரக் குறி, அனுஸ்வாரம், மெல்லோசைக் ககரம், மீண்டும் ஆகாரக் கால். இந்திய எழுத்துகளின் இடங்கள் யூனிகோடில் ஒரே வரிசை முறையில் அமைந்தவை. தேவநாகரி மகரத்தின் எண் 2350. தமிழ் மகரத்தின் எண் 2990. வேறுபாடு 640. டகரத்திற்கும் (2335, 2975) காலுக்கும் (2366, 3006) அதே வேறுபாடுதான். ஆகவே முதற்படியில் ஒவ்வோர் எண்ணுடனும் 640ஐக் கூட்டுவது போதுமானது.

ஆனால் மெல்லோசைக் ககரத்தின் எண்ணாகிய 2327உடன் 640ஐக் கூட்டினால் 2967 வருகிறது. அது தமிழில் வெற்றிடம். அனுஸ்வாரத்திற்கோ 2946 என இடமிருந்தும் தமிழெழுத்தில் அதற்கு வழக்கில்லை. எனவே மேலும் மூன்று விதிகள் வேண்டும்.

இரண்டாம் படி: இரு உயிர்களுக்கிடையே வரும் வல்லோசையை இரட்டித்தல். தமிழில் உயிரிடைப்பட்ட ஒற்றை டகரம் மெலிந்தே ஒலிக்குமாதலால் ஒரு டகர மெய் தோன்ற வேண்டும். மூன்றாம் படி: வெற்றிடத்தில் வீழ்ந்த மெல்லோசையைத் தமிழ்க் ககரமாக்குதல். நான்காம் படி: ககரத்திற்கு முன்னுள்ள அனுஸ்வாரத்தை ஙகர மெய்யாக்குதல். முதலில் ஏழாக இருந்த குறிகள் இரண்டாம் படியில் ஒன்பதாகின்றன, மூன்றாவதில் எண்ணிக்கை மாறுவதில்லை, நான்காவதில் பத்தாகின்றன. கிடைப்பது மாட்டுங்கா.

படிகளின் வரிசை இன்றியமையாதது. மூன்றாம் படியை இரண்டாவதற்கு முன் செய்தால் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் உள்ள வேறுபாடு அழிந்துபோகும். பின்னர் எதை இரட்டிப்பது என அறியவியலாது. அவ்வாறே ககரம் தோன்றுவதற்கு முன் நான்காம் படியைச் செய்தால், விதி தேடும் ககரம் சரத்திலேயே இராது.

இவ்விதிகள் எங்கும் போதுமா? செம்பூரில் இவை தடுமாறுகின்றன. மராத்தி எழுத்தில் குற்றெகரத்திற்கெனத் தனிக்குறி வழங்காமையால் சேம்பூர என்னும் வடிவமே கிடைக்கும். ஈற்று அகரம் கெட்டுப் புள்ளி தோன்றவேண்டும், ஏகாரம் குறுகவேண்டும். முன்னதற்கு விதி வகுக்கலாம். பின்னது தமிழர் வழக்கைப் பொறுத்ததாகலின், அறிந்த பெயர்களின் பட்டியல் ஒன்றை உடன் வைத்துக்கொள்ளுதலே தக்க வழி. தாராவியின் ஈற்றிலும் மராத்தியில் நெடிலே உண்டு. தமிழில் அது குறில்.

திரும்பிச் செல்லும் வழி இன்னும் கடினமானது. தமிழ் எண்களிலிருந்து 640ஐக் கழித்தால் இரட்டை டகரமும் வல்லோசைக் ககரமும் கொண்ட வேறொரு சொல்லே மராத்தியில் தோன்றும். மாற்றத்தின்போது இழந்த செய்தியை எந்தச் செயல்முறையும் தானாக மீட்டுத் தராது. ஆதலின் மூலச் சரத்தை அழிக்காமல் மாற்றிய சரத்துடன் சேர்த்தே சேமித்தல் வேண்டும். ஒருவர் தமது பெயரைத் தாம் எழுதிய வடிவில் திரும்பப் பெறுவதற்கு வேறு உறுதி கிடையாது.

உருபு சேர்க்கும் செயல்முறை

ஊர்ப்பெயருடன் இல் என்னும் உருபைச் சேர்க்கும் செயல்முறை மற்றொரு நல்ல பயிற்சி. வெறும் இணைப்புச் செயல்முறை செம்பூர்இல் என்றே தரும். புள்ளியை நீக்கி, உயிரெழுத்தான இகரத்தை இகரக் குறியாக மாற்றினால் செம்பூரில் ஆகும். ஈற்றில் ஆகாரமிருந்தால் வகர உடம்படுமெய் தோன்றி மாட்டுங்காவில், வடாலாவில் என வரும். இகரமும் ஐகாரமும் யகரத்தைப் பெற்றுத் தாராவியில், மும்பையில் என்றாகும். முலுண்டு போன்ற பெயர்களில் ஈற்று உகரம் கெட்டு முலுண்டில் ஆகும். ஈரோடு என்பதிலோ டகரம் இரட்டித்து ஈரோட்டில் என வரும். காஞ்சிபுரத்தின் மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை தோன்றும். நிரல் எழுதுபவர் ஈற்றெழுத்தை நோக்கி இவ்வகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தால் போதும்.

ஆங்கிலத்திற்கென வகுத்த செயல்முறைகளுள் சில தமிழில் பயனற்றவை. சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக்கும் செயல்முறை தமிழ்ச் சரத்தை மாற்றமின்றியே திருப்பித் தரும். தமிழில் அவ்வேறுபாடு இல்லை. அச்செயல்முறையும் ஐரோப்பாவில் முழுவதும் எளிதன்று. எஸ்செட் என்னும் ஜெர்மானிய எழுத்து, பேரெழுத்தாகும்போது இரண்டு எழுத்தாகிச் சரத்தின் நீளத்தையே மாற்றிவிடும்.

மேலே கண்ட மாற்றங்கள் அனைத்தையும் தொகுத்து நோக்கின், அவை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தல், ஒன்றை மற்றொன்றாக்குதல், ஒன்றை நீக்குதல் என மூவகையுள் அடங்குவதைக் காணலாம். புணர்ச்சி இலக்கணம் இவற்றைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று பெயரிட்டு, எவ்வீற்றின் முன் எது நிகழும் எனவும் வரையறுத்துள்ளது. எனவே தமிழ்ச் சரங்களுக்குத் துணைச் செயல்முறை எழுத முற்படும் மாணவர், கணினி மொழிக் கையேட்டோடு இலக்கண நூலையும் மேசையில் வைத்துக்கொள்வது நலம்.

பயிற்சி

1. தாதர் என்னும் பெயரில் இரண்டாம் தகரம் மராத்தியில் மெல்லோசை. இரண்டாம் படி விதி அங்கு ஏன் செயற்படாது என்பதை விளக்குக.

2. அந்தேரி என்பதன் அனுஸ்வாரம் நகர மெய்யாகத் திரிய நான்காம் படி விதியை எவ்வாறு விரிக்க வேண்டும்? ச, ட, ப வரிசைகளுக்கும் சேர்த்து எழுதுக.

3. குர்லா, சயான், செங்கல்பட்டு ஆகியவற்றுடன் இல் உருபைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் நிகழ்ந்தது தோன்றலா, கெடுதலா, இயல்பாய்ச் சேர்தலா என வகைப்படுத்துக.