புகையிலைத் தோட்டத்து அடிமைகள்



அமெரிக்காவில் புகையிலை பயிரிட ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்திருந்தது நமக்குத் தெரியும். நம்ம தமிழர் நடுவிலும் அப்படி நடந்திருக்கிறது.

1658-ல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். 1690-களில் தஞ்சாவூர்ச் சீமையில் கடும் பஞ்சம். கஞ்சிக்கு வழியில்லாமல் பெற்ற பிள்ளையை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டார்கள். 1694 முதல் 1696 வரை 3,500 பேருக்கு மேல் கப்பலில் இலங்கைக்குக் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணத்து நிலக்காரர்கள் பலரை விலைக்கு வாங்கினார்கள்.

அங்கே வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. புகையிலைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். நம்ம ஊர் ஏற்றம் மாதிரி துலா கட்டி இறைக்கணும், எரு சுமக்கணும். அதில் அடிமைகளின் உழைப்பும் இருந்தது. புகையிலை திருவிதாங்கூர் வரைக்கும் போய் விற்றது. பணம் நிலக்காரருக்கும் வியாபாரிக்கும்!

1707-ல் டச்சுக்காரர்கள் 'தேசவழமை' என்ற சட்டத்தைத் தொகுத்தார்கள். அதில் அடிமைகளும் சொத்து. நிலம், நகை போல மனுஷரையும் சீதனமாகக் கொடுக்கலாம். அடிமைப் பெண்ணின் குழந்தை அவளுடைய எஜமானுக்கே சொந்தம். இதைப் படிச்சப்போ மனசு கனத்துப் போச்சு.

ஆங்கிலேயர் காலத்தில், 1816 ஆகஸ்ட் 12 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு விடுதலை தர எஜமான்கள் பலர் சம்மதித்தார்கள். ஆனால் பெற்றவள் அடிமைதான்! இலங்கையில் 1844-ல்தான் அடிமைமுறை சட்டப்படி முழுக்க ஒழிந்தது. இந்தியாவில் 1843-லேயே சட்டம் வந்தது.

கடனுக்கு ஆளைப் பிடித்துவைக்கும் கொத்தடிமை முறைக்கு எதிராக 1976-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அப்படி யாரையாவது பார்த்தால் சும்மா இருக்காமல் ஆசிரியரிடம் சொல்லுவோம்!