ஒரே ‘ப’ - இரண்டு ஒலி! கம்ப்யூட்டரில் பார்ப்போம்



நம்ம மின்சார ரயில் பாதையில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என வரிசையாக ஊர்கள் உள்ளன. மூன்றிலும் பகரம்தான். ஆனால் பல்லாவரத்துப் ‘ப’ வேறு, தாம்பரத்துப் ‘ப’ வேறு. எழுத்தில் தெரியாத இந்த வேறுபாட்டைத் திரையில் காட்டுவதே ‘பிராட்’ என்னும் சாஃப்ட்வேர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மா, டேவிட் வீனிங்க் ஆகியோர் உருவாக்கிய இது, மூல நிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது.

நிறுவும் முறை: விண்டோஸில் ஜிப் ஃபைலை இறக்கி, விரித்து, உள்ளே இருப்பதைக் கிளிக் செய்தால் போதும். தனியாக இன்ஸ்டால் செய்யும் வேலையே கிடையாது. இரண்டு ஜன்னல்கள் திறக்கும். ‘பிக்சர்’ என்பதை மூடிவிடலாம்.

பதிவு: ‘நியூ’ மெனுவில் ‘ரெக்கார்ட் மோனோ சவுண்ட்’. மூன்று ஊர்ப் பெயர்களையும் இடைவெளி விட்டுச் சொல்லிச் சேமியுங்கள். நண்பர் குரல் என்றால் அவர் சம்மதம் கேட்டபின் பதியுங்கள்.

குறித்தல்: ‘அனோடேட்’ பட்டனில் ‘டு டெக்ஸ்ட்கிரிட்’. அதில் ‘சொல்’, ‘ஒலி’ என்று இரண்டு வரிசைகள் கொடுங்கள். புள்ளி வரிசைக்கான கட்டத்தைக் காலியாக விடுங்கள். பின்பு ஒலி, டெக்ஸ்ட்கிரிட் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ‘வியூ அண்ட் எடிட்’ செய்யவும். ஒலி மாறும் இடத்தில் கிளிக் செய்து என்டர் தட்டினால் எல்லைக்கோடு விழும். நடுவில் பெயரை டைப் செய்யலாம். முடித்ததும் டெக்ஸ்ட்கிரிட்டையும் மறக்காமல் சேமிக்கவும்.

இப்போது ‘ஷோ பல்சஸ்’ போடுங்கள். குரல்வளை அதிரும் இடமெல்லாம் நீலக் கோடுகள் தெரியும். நான் பார்த்தபோது, பல்லாவரத்தில் உதடு திறந்த பிறகே கோடுகள் தொடங்கின. தாம்பரத்தில் ‘ம்’மில் தொடங்கிய கோடுகள் ‘ப’விலும் நிற்காமல் ஓடின. குரோம்பேட்டையில்தான் வேடிக்கை! அங்கும் ‘ம்’முக்குப் பின்னால்தான் ‘பே’ வருகிறது. ஆனால் கோடுகள் நின்று, சிறு இடைவெளிக்குப் பிறகே மீண்டும் வந்தன. காரணம், குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த அப்பெயர் ‘குரோம்’, ‘பேட்டை’ என்ற இரு சொற்களின் சேர்க்கை.

‘ம்’முக்குப் பின் வரும் ‘ப’ அதிரும் என்று மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தால், அது குரோம்பேட்டையைத் தப்பாகத்தான் படிக்கும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற இடங்களில் எழுத்தைப் பேச்சாக்கும் ஆய்வுகள் நடந்து வருகின்றன. அத்தகைய ஆய்வுகளுக்கு, ஒலி எல்லைகளைச் சரியாகக் குறித்த பதிவுகள் பேருதவி. நம் பேச்சை அறிந்த காது நம்மிடம்தான் இருக்கிறது. அதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும். உங்கள் ஊர்ப் பெயரிலிருந்தே ஆரம்பியுங்களேன்!