அவசரச் சாயமா, நிதானச் சாயமா?

பயோமெடிக்கல் படிக்கிறவங்களுக்கும், மைக்ராஸ்கோப் படங்களை வெச்சு ஏஐ ப்ராஜெக்ட் பண்ணப் போறவங்களுக்கும் இந்த மாசப் பாடம்.

ஒருத்தருக்குக் கழுத்துல தைராய்டு கட்டின்னு வெச்சுக்குங்க. டாக்டர் மெல்லிய ஊசியால கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்து ஸ்லைடில் தடவுவார். அந்தச் செல்களுக்குப் பெரிசா நிறம் கிடையாது. சாயம் ஏத்தினாத்தான் தெளிவாத் தெரியும். எந்தச் சாயம்?

நிதானமான முறை பாப் சாயம். ஜார்ஜ் பாபனிக்கோலா உருவாக்கியது. தடவின ஸ்லைடை, காயறதுக்குள்ள 95% எத்தனாலில் போட்டுடணும். குறைஞ்சது 15 நிமிஷம் ஊறணும். அப்புறம் நியூக்ளியஸுக்கு ஹீமடாக்ஸிலின், சைட்டோபிளாசத்துக்கு ஆரஞ்சு ஜி, இஏ. இடையிடையே தண்ணீர், ஆல்கஹால், கடைசியில் சைலீன். எல்லாம் முடிய அரை மணி நேரத்துக்கு மேலயும் ஆகலாம். பலன்? நியூக்ளியஸுக்குள்ள இருக்கிற நுணுக்கங்கள் பளிச்னு தெரியும். சைட்டோபிளாசம் கண்ணாடி மாதிரி இருக்கிறதால, ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கிற செல்களையும் பார்க்கலாம்.

அவசர முறை டிஃப்-குவிக். இதுல ஸ்லைடைக் காத்துல காயவிடணும். மெத்தனால், சிவப்புச் சாயம், நீலச் சாயம் - ஒவ்வொண்ணுலயும் சில விநாடி முக்கி, கடைசியில் கழுவினா போதும். ஓரிரு நிமிஷத்தில் ரெடி. காயும்போது செல்கள் தட்டையாகி, பெரிசாத் தெரியும். தைராய்டுல இருக்கிற கொல்லாய்டு நல்லா எடுத்துக் காட்டும். ஆனா நியூக்ளியஸ் நுணுக்கம் பாப் அளவுக்கு வராது.

அப்போ எது சிறந்தது? ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்லுது. நோயாளி படுக்கையில் இருக்கும்போதே கேட்க வேண்டியது: "போதுமான செல் வந்திருக்கா?" அதுக்கு டிஃப்-குவிக். வரலைன்னா அப்பவே இன்னொரு தடவை எடுத்துடலாம். இல்லைன்னா, சில நாள் கழிச்சு அவர் திரும்ப வரணும், திரும்பக் குத்திக்கணும், ஒரு நாள் வேலையும் போகும். "இது என்ன நோய்?" என்கிறது அடுத்த கேள்வி. பாப்பில்லரி தைராய்டு புற்றுநோயில் நியூக்ளியஸ் மேல கோடு மாதிரி பள்ளம் இருக்கும். அதைத் தேட பாப்தான் வசதி. அதனாலதான் பல லேப்களில் சில ஸ்லைடைக் காயவிட்டு, சிலதை உடனே ஆல்கஹாலில் போடுறாங்க.

நடுவழியும் உண்டு. 1995-ல் யாங், அல்வாரெஸ் வெளியிட்ட அல்ட்ராஃபாஸ்ட் பாப்: காய்ந்த ஸ்லைடை 30 விநாடி உப்புநீரில் நனைப்பாங்க. சிவப்பணுக்கள் உடைஞ்சு பின்னணி சுத்தமாகும். சாயமேற்ற 90 விநாடிதான்.

இப்போ நம்ம வேலை. பாப் படங்களில் மட்டும் பயிற்சி கொடுத்த மாடலை டிஃப்-குவிக் படத்துல ஓட்டினா, நிறமும் மாறியிருக்கும், செல் அளவும் மாறியிருக்கும். மாடல் குழம்பத்தான் செய்யும். அதனால டேட்டாசெட் வாங்கும்போது எத்தனை படம்னு கேட்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: என்ன சாயம்? காயவெச்சதா, ஈரத்துல ஆல்கஹாலில் போட்டதா?