நடக்க இயலாதோரும் விமானப் பயணமும்

யான் வட்டாரத் தோட்டங்களில் நீரிழிவினால் காலை இழந்தோரும், விபத்தினால் எழுந்து நடக்க இயலாது போனோரும் வாழ்ந்து வருவதை நாம் அறிவோம். அவர்களுடைய பிள்ளைகள் சிலர் சபா, சரவாக்கில் பணிபுரிகின்றனர். உற்றார் தமிழகத்தில் இருக்கின்றனர். ஆயினும், "விமானத்தில் நம்மால் ஏற முடியுமா?" என்னும் அச்சத்தால் பலர் பயண எண்ணத்தையே கைவிட்டு விடுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது.

விமானத்தின் நடைபாதை மிகக் குறுகலானது. சாதாரண சக்கர நாற்காலி அதனுள் நுழையாது. எனவே பயணியை ஒடுக்கமான நாற்காலி ஒன்றிற்கு மாற்றி, இருக்கை வரை தள்ளிச் செல்வர். கட்டடத்தையும் விமானத்தையும் இணைக்கும் பாலம் இருப்பின் வேலை எளிது. பாலம் இல்லாது படிக்கட்டு மட்டும் இருப்பின், தூக்கு வண்டி தேவைப்படும். இது லாரியின் மேல் அமைந்த சிறு அறை போன்றது. நாற்காலியோடு பயணியை ஏற்றிக்கொண்டு, விமானக் கதவின் உயரத்திற்கு எழும்பி நிற்கும். ஆட்கள் முதுகில் சுமந்து ஏற்றுவதை உதவி என்று கூறுவது பொருந்தாது. அது ஆபத்து, மானக்கேடும் கூட.

இவ்வசதி தானாக வந்துவிடவில்லை. 2006ஆம் ஆண்டு சிப்பாங்கில் திறக்கப்பட்ட மலிவுக் கட்டண விமான முனையத்தில் இணைப்புப் பாலங்கள் இல்லை. அறவே நடக்க இயலாதோரை ஏற்றிச் செல்ல ஏர் ஏசியா நிறுவனம் மறுத்தது. 2007 சூலையில் சக்கர நாற்காலிப் பயணிகள் அம்முனையத்திலேயே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன் பின்னர் நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டு, தூக்கு வண்டிகளையும் தருவித்தது. அடுத்த ஆண்டே உடற்குறையுடையோர் சட்டம் நடப்புக்கு வந்தது; பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் உரிமையை அது அவர்களுக்கு வழங்குகிறது.

இந்தியாவிலும் இத்தகைய வழக்கு ஒன்று எழுந்தது. மூளை வாதம் கொண்ட ஜீஜா கோஷ் என்னும் பெண்மணி, 2012இல் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கி விடப்பட்டார். உச்ச நீதிமன்றம் 2016இல் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் அதே ஆண்டு விமானப் பயணிகளுக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பு ஒன்று இயற்றப்பட்டது.

உரிமை இருப்பினும், முன்கூட்டிச் சொல்லாமல் போய் நின்றால் வண்டியும் ஆளும் ஆயத்தமாக இரா. பயணச்சீட்டு வாங்கும்போதே தெரிவித்தல் நலம். எவ்வாறாயினும் 48 மணி நேரத்திற்கு முன் தெரிவித்துவிட வேண்டும். "சக்கர நாற்காலி வேண்டும்" என்று மட்டும் கூறினால் போதாது. சில அடிகள் நடக்க முடியுமா, படி ஏற முடியுமா, அல்லது இருக்கை வரை பிறர் உதவி வேண்டுமா என்பதைத் தெளிவாகக் கூறவேண்டும். மூன்றிற்கும் ஏற்பாடு வெவ்வேறு. மின்கல நாற்காலியாயின் மின்கலத்தின் வகையையும் கேட்பர்; ஏனெனில் சிலவற்றைத் தனியே கழற்ற நேரிடும்.

நம்மவர்க்கு அருகிலுள்ளது அலோர் ஸ்டார் சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையம். அங்கிருந்து கோலாலம்பூர் சென்று வெளிநாட்டு விமானத்திற்கு மாறுவோர், இரண்டு பயணங்களுக்கும் உதவி பதிவாகியுள்ளதா என்று கேட்டறிய வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையத்தின் முதல் முனையமும் இரண்டாம் முனையமும் வெவ்வேறு கட்டடங்கள்; ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு இரயிலிலோ பேருந்திலோ செல்லவேண்டும். சீட்டு வாங்குமுன்பே இரு விமானங்களும் ஒரே முனையத்தில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்க.