இலை மஞ்சளா? முதலில் வேரைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். டிசம்பர் முடிவதற்குள் தமிழகத்தில் சராசரியாக 44 சென்டிமீட்டர் பெய்துவிடும். சென்னை, கடலூர், நாகை போன்ற கரையோர ஊர்களுக்கு இன்னும் அதிகம். மாடியிலும் கொல்லையிலும் இயற்கை முறையில் காய்கறி வளர்ப்பவர்கள் இந்த மூன்று மாதமும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "நேற்றுவரை நன்றாக இருந்த செடி திடீரென்று மஞ்சளாகிவிட்டது." அடுத்த வரியும் ஆண்டுதோறும் மாறுவதில்லை: "கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன், இன்னும் மோசமாகிவிட்டது."

மோசமாகத்தான் ஆகும். எனவே மற்ற எதையும் சொல்வதற்கு முன் இது: ஈரம் வடியாத மண்ணில் நிற்கும் மஞ்சள் செடிக்கு உரம் போடக் கூடாது. புண்ணாக்கும் கூடாது, ஜீவாமிர்தமும் கூடாது, மீன் அமிலமும் கூடாது, பச்சைச் சாணம் கூடவே கூடாது. இயற்கை உரம்தானே, கெடுதல் செய்யாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஊற்றியவர்களின் செடிகள்தான் சென்ற மழையில் அதிகம் போயின.

வழக்கமான வேலைகளை இந்த வாரமே முடிக்கவும். பைகளின் அடித்துளைகளைக் கம்பியால் குத்தித் திறக்கவும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைக்கவும். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடவும். தளத்தின் வடிகுழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளவும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு முட்டுக்குச்சி கட்டவும். மூடாக்கைத் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்கவும். மழை பெய்யும் நாளில் பூவாளியைத் தொட வேண்டாம். பழக்கதோஷத்தில் காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு மாலையில் மழையைத் திட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி, உரம் ஏன் கூடாது என்ற விஷயம். இயற்கை மண்ணில் சத்து செடிக்கு நேராகப் போவதில்லை. சாணத்திலும் இலைமக்கிலும் புண்ணாக்கிலும் இருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் சிதைத்து, முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தர வேண்டும். நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். வேருக்கும் காற்று வேண்டும். இரண்டு நாள் விடாமல் பெய்து மண்ணின் துளைகளெல்லாம் தண்ணீரால் அடைபட்டால் அந்தக் காற்று தீர்ந்துபோகிறது. ஏற்கெனவே இருந்த நைட்ரேட் மண்ணைப் பற்றி நிற்காது. பாதி அடித்துளை வழியே ஓடிவிடும், மீதியைக் காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் வாயுவாக்கிப் பறக்கவிடும். செடி தன் அடியிலைகளிலிருந்து தழைச்சத்தை உருவி நுனிக்கு அனுப்புகிறது. அடியிலை மஞ்சளாகிறது. ஆக, பார்த்தவர் சொல்வது தப்பில்லை, அது தழைச்சத்துப் பற்றாக்குறைதான். ஆனால் அதற்குக் காரணம் உரம் குறைந்தது அல்ல. வேர் மூச்சு விட முடியாமல் நிற்பது.

அந்த நேரத்தில் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினால் என்ன ஆகும்? அதைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகி, மிச்சம் மீதி இருந்த காற்றையும் குடித்துவிடும். அம்மோனியா சேரும். வேர் வெந்துபோகும். இரண்டு நாளில் சாக்கடை வாடை. அழுகும் வேரைத் தேடிப் பூசணம் வரும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு எந்த மாடியிலும் பை மண் முழுக்கச் சொதசொதவென்றுதான் இருக்கும். அந்த வாரத்தில் மஞ்சளாகாத செடிதான் ஆச்சரியம். மஞ்சளைப் பார்த்துப் பதற வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும் என்றால், மிளகாய்ச் செடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பையைத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாத கனம் என்றால் பாதி பதில் கிடைத்துவிட்டது. விரலை ஒரு விரற்கடை அல்ல, முழு நீளத்துக்கு உள்ளே விடுங்கள். மேல்மண் காய்ந்து, கீழே சேறாக இருப்பது தென்னை நார்க்கழிவுக் கலவையில் சாதாரணம். பிறகு பையின் ஓரமாக மண்ணைக் கிளறி இரண்டு மூன்று நுனிவேர்களை எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். வெள்ளையாக, விரைப்பாக இருந்தால் வேர் நலம். பழுப்பாகி, விரலுக்கிடையில் பிடித்து இழுக்கும்போது மேல்தோல் உறையாகக் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகிய வேர். முகர்ந்தும் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். மழை பெய்த மண் மணம் வந்தால் நல்லது, அழுகின முட்டை நாற்றம் வந்தால் உரச்சட்டியைக் கீழே வையுங்கள். பையின் அடிப்பக்கத்தில் புதிதாக இரண்டு துளை போடுங்கள், ஓரங்களில் குச்சியால் குத்திக் காற்று புகவிடுங்கள், மழை படாத வெளிச்சமான இடத்துக்கு நகர்த்துங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணம் கைவசம் இருந்தால் மக்கிய தொழு உரத்தில் ஒரு பிடி கலந்து, ஈரம் வடிந்த பிறகு மேலாகத் தூவலாம். ஒரு வாரம் பொறுங்கள். புதுத் தளிர் பச்சையாக வந்தால் செடி பிழைத்தது. பழைய மஞ்சள் இலை மறுபடி பச்சையாகுமா என்று காத்திருப்பது வீண்.

வேர் வெள்ளையாக இருக்கிறது, மண்ணும் பதமாக இருக்கிறது, அப்படியும் இலை நிறம் மாறுகிறது என்றால்தான் சத்துக் கணக்குக்குள் போக வேண்டும். அங்கேயும் முதல் கேள்வி நிறத்தைப் பற்றியது அல்ல. எந்த இலை என்பது. தழை, மணி, சாம்பல் சத்துகளும் மக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும், வீட்டில் அரிசி குறைந்தால் பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தாங்கள் பட்டினி கிடப்பதுபோல. எனவே இவற்றின் குறை அடியிலையில் தெரியும். சுண்ணாம்புச்சத்து, இரும்பு, போரான் போன்றவை ஒரு முறை இலையில் சேர்ந்தால் அங்கிருந்து எளிதில் நகர்வதில்லை. அவற்றின் குறை குருத்திலும் காயிலும் தெரியும்.

அடியிலை முழுதும் வெளிறினால் தழைச்சத்து. அடியிலையில் நரம்பு பச்சையாக நின்று இடைவெளி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். அடியிலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்து. இலை கரும்பச்சையாகி, அடிப்புறம் ஊதா ஓடினால் மணிச்சத்து. குளிர்ந்த மண்ணில் வேர் அதை எடுக்கத் திணறும் என்பதால் நீலகிரிப் பக்கம் மண்ணில் இருந்தும் இந்த ஊதா தோன்றலாம். குருத்திலையில் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள் அல்லது வெண்மை என்றால் இரும்பு.

நார்க்கழிவில் வளர்ப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளைகளில் (தொகுப்புகளில்) 2 கிலோ நார்க்கழிவுக் கட்டிகள் வந்த பிறகு நகர மாடிகளில் பலருக்கும் மண் அதுதான். எடை குறைவு, ஈரம் பிடிக்கும், எல்லாம் சரி. ஆனால் மக்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம் இருக்கிறது. இந்த விகிதம் இருபதை ஒட்டி இறங்கினால்தான் நுண்ணுயிர்கள் செடிக்குத் தழைச்சத்தை விட்டுக்கொடுக்கும். முப்பதைத் தாண்டினால் மண்ணில் இருப்பதையும் தாங்களே எடுத்துக்கொள்ளும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து நார்க்கழிவை மக்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியது இதற்காகத்தான். கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே விதை போட்டுவிட்டு, செடி வெளிறுகிறது என்று வருத்தப்படுவதில் பயனில்லை. இன்னொன்று: கழுவாத நார்க்கழிவில் சாம்பல்சத்தும் சோடியமும் ஏராளம், சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீரை நாள்தோறும் ஊற்றினால் சாம்பல்சத்து மேலும் ஏறி மக்னீசியம் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும். வாழைத்தோல் தண்ணீர் மருந்தல்ல. நிறுத்துங்கள்.

கறிவேப்பிலையும் செம்பருத்தியும் கோடையில் குருத்து வெளுத்து நின்றிருந்தால், பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரும், ஆகி வந்த வழக்கம் என்று போட்ட அடுப்புச் சாம்பலும் மண்ணைக் காரமாக்கி இரும்பைப் பூட்டியிருக்கும். மழைநீரில் அந்தக் காரம் கொஞ்சம் இறங்கும். இப்போது சாம்பல் போட்டு மறுபடி ஏற்ற வேண்டாம். சந்தேகம் தீர ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1840-களில் பிரான்சில் எயுசேப் கிரி என்பவர் வெளுத்த இலையில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவி, தடவிய இடம் பச்சையாவதைக் காட்டினார். அதையே செய்யலாம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம். ஒரே ஒரு இளம் இலையின் ஒரு பாதியில் மட்டும் மாலையில் தடவுங்கள். சில நாளில் அந்தப் பாதி பச்சையேறினால் இரும்புதான். ஏறாவிட்டால் வேறு காரணம்; தோட்டம் முழுக்கத் தெளித்திருந்தால் அது தெரியாமலே போயிருக்கும்.

நோயைச் சத்துக்குறை என்று எண்ணுவதும் நடக்கிறது. வெண்டையில் இடைவெளி பச்சையாக இருந்து நரம்பு மட்டும் வலைபோல் மஞ்சளானால் அது இரும்புக்குறை அல்ல, வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல். அந்தச் செடிக்கு எந்த உரமும் உதவாது, பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தியையும் லென்ஸ் வைத்துத் தேடுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. இமயமலை அடிவாரத் தராய் பகுதி நெல்வயல்களில் இலை துருவேறிப்போகும் 'கைரா' நோயென்றே கருதப்பட்டு வந்தது. 1966-இல் பந்த்நகரில் தாவர நோயியல் அறிஞர் ஒய்.எல். நேனே அது துத்தநாகக் குறை என்று நிறுவினார்.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அமுங்குவது சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால். உடனே எல்லோரும் முட்டை ஓட்டைப் பொடிக்கிறார்கள். முட்டை ஓடு கரைய மாதங்கள் ஆகும். அதற்குள் தக்காளிச் செடியின் ஆயுளே முடிந்துவிடும். சுண்ணாம்பு தண்ணீரோடுதான் ஏறும். மூன்று நாள் காயவிட்டு நாலாம் நாள் மழையில் ஊறவிட்டால் மண்ணில் எவ்வளவு இருந்தாலும் காய்க்குப் பற்றாது. ஈரத்தைச் சீராக வையுங்கள், மழைவிட்ட நாட்களில் மறக்காமல் தண்ணீர் விடுங்கள். கறுத்த காய்களைக் கிள்ளி எறியுங்கள். அடுத்த கொத்து சரியாக வரும்.

மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த இடத்துக்கு வருவதற்குள் பலர் புண்ணாக்கை ஊறவைத்திருப்பார்கள். பை கனமாக இருக்கும்வரை உரம் இல்லை. விரலில் சேறு ஒட்டும்வரை உரம் இல்லை. நாற்றம் இருக்கும்வரை உரம் இல்லை.

இரண்டு மூன்று நாள் வெயில் அடித்து, மண் உதிரும் பதத்துக்கு வந்து, வெள்ளை வேர் தென்பட்ட பிறகு மழை அடித்துச் சென்றதை ஈடுகட்டலாம். முதலில் இலைவழி: பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி, வடிகட்டி, மாலையில். அடுத்த வாரம் பைக்கு இரண்டு கைப்பிடி நன்கு மக்கிய மண்புழு உரம். புண்ணாக்கு, அதுவும் மக்கவைத்தது, கடைசியில்தான்.

கொல்லை மண்ணாக இருந்தால் தை மாதத்தில், உரமிடுவதற்கு முன், ஐந்தாறு இடங்களில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும். நார்க்கழிவுக் கலவையை அங்கே கொண்டுபோக வேண்டாம். முடிவு எக்டேருக்கு இத்தனை கிலோ என்று வரும், பைக்கு அது பொருந்தாது. பைக் கலவைக்குக் கார அமில நிலையும் உப்பின் அளவும் காட்டும் சிறிய கருவி போதும். அடித்துளையில் வடியும் தண்ணீரைப் பிடித்து அளந்து, தேதியோடு குறித்து வைக்கவும்.