தாடை வலியா? பகலில் உங்கள் பற்களைக் கவனியுங்கள்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. அதில் கோளாறு உள்ள பலர், தம்மை அறியாமலேயே பகலிலும் பற்களைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, மேல்பற்களும் கீழ்ப்பற்களும் தொடத் தேவையில்லை. லேசாகத் தொட்டபடியே இருந்தாலும் தாடைத் தசைகளுக்கு ஓய்வு கிடைக்காது. அவை களைத்து வலிக்கும்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்

• இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலிக்கும்படி கைபேசியில் மணி வையுங்கள்.

• மணி ஒலித்ததும் பற்கள் எப்படி இருந்தன என்று கவனியுங்கள்: விலகியிருந்தனவா, தொட்டிருந்தனவா, இறுகக் கடித்திருந்தனவா?

• அதையும், அப்போது செய்த வேலையையும், வலி இருந்ததா என்பதையும் தாளில் குறித்து வையுங்கள்.

• பிறகு உதடுகளை மூடி, பற்களை விலக்கி, தோள்களைத் தளர்த்துங்கள்.

பொய்ப்பற்கள் அணிபவர்களும் இதைச் செய்யலாம். கைபேசி பார்க்கும்போதா, ஊசியில் நூல் கோக்கும்போதா, கவலைப்படும்போதா, எப்போது கடிக்கிறீர்கள் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அந்தத் தாளைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காத்திருக்க வேண்டாம்

உங்களுக்கு 50 வயதுக்கு மேலாகி, மெல்லும்போது தாடை வலியுடன் புதிதாகத் தலைவலியோ பார்வைக் கோளாறோ ஏற்பட்டால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாடை வலியுடன் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் அல்லது திடீர் வியர்வை இருந்தால், 995 என்ற எண்ணை அழையுங்கள்.