ஆடிப்பிறப்புக்கு வகுப்பிலே கொழுக்கட்டை

கொட்டாஞ்சேனை

அன்பின் பெறாமகளுக்கு,

ஆடிப்பிறப்புக்கு வெள்ளவத்தைக் கடையொன்றில் கொழுக்கட்டை ஓடர் பண்ணிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மகள். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடமாக்கிவிட்டு, அந்தப் பாட்டில் நடக்கிற சமையலைக் கடைக்காரரிடம் விடுவது சரியில்லை. வகுப்பிலேயே செய்.

உன் வகுப்புப் பிள்ளைகள் தொடர்மாடியில் வளர்பவர்கள். குசினிப் பக்கம் வராதே என்றே கேட்டுப் பழகியவர்கள். ஒருவர் வீட்டில் தமிழ், ஒருவர் வீட்டில் சிங்களம், இன்னொருவர் வீட்டில் இங்கிலிஷ். கதை சொல்லும் நேரத்தில் வாயுள்ள பிள்ளைதான் முன்னுக்கு நிற்கும். மா உருட்டும் மேசையில் வாய் திறக்காத பிள்ளைக்கும் இடமுண்டு.

வறுத்த அரிசிமாவைக் கொதிநீரில் குழைப்பதும் அவிப்பதும் உன் வேலை. மா கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அவர்களிடம் விடு. அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை மூன்றையும் ஒருவர் பிசையட்டும். ஒருவர் உருட்ட, ஒருவர் தட்ட, ஒருவர் உள்ளுடன் வைக்க, ஒருவர் விளிம்பை நுள்ளி மூடட்டும். தட்டுகிறவர் முடிக்காமல் உள்ளுடன் வைக்க ஏலாது. பத்துத் தரம் சொல்லியும் பொறுமையாக இராத பிள்ளை, அடுத்தவரின் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதை அங்கே காண்பாய். விளிம்பு வெடித்தால் விரல்நுனியில் தண்ணீர் தொட்டு ஒட்டக் காட்டு. வாங்கி நீயே செய்துவிடாதே. கோணலானதும் வேகும்.

யார் செய்தது என்று அடையாளம் போடாமல் எல்லாவற்றையும் ஒன்றாக அவி. தன்னுடையதைக் கேட்டு இரண்டொருவர் அழுவார்கள். அழட்டும். மற்றவர் பிடித்ததைத் தின்னப் பழகத்தானே இவ்வளவு பாடும்.

1939இல் இந்தியாவுக்கு வந்து, போரினால் அங்கேயே தங்க நேர்ந்த மரியா மொன்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கும் வந்தார். தண்ணீர் ஊற்றுவதையும் மேசை துடைப்பதையும் பாடமாக மதித்தவர் அவர். அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு எழுத்துக் கொப்பியை மட்டும் நிரப்புகிற இடங்கள் இங்கே நிறைய. உன் வகுப்பு அப்படி ஆகக்கூடாது.

இன்னொன்று. படைத்த பண்டத்தைச் சில கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளில் சாப்பிடமாட்டார்கள். ஆகவே வகுப்பில் அவிப்பதைப் படையலுக்கு வைக்காதே. அது பிள்ளைகளுக்கென்றே இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று தாய்மாரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வை. பிறகு நோன்புக் கஞ்சிக்கும், ஏப்ரலில் பாற்சோற்றுக்கும் அந்தந்த வீட்டு அம்மாமாரைக் கூப்பிடு.

படம் எடுக்க வேண்டாம். அன்றைக்கு உன் இரண்டு கையும் பிள்ளைகளுக்குத் தேவை. மா வறுக்க நேரமில்லாவிட்டால் சொல், வறுத்து அரித்து அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா